எஃப் லைன் குழாயடியில் ஓர் இன்ஸ்பெக்டர்

சூசைராஜுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததே இல்லை. பெரிய ஃபேக்டரியில் முப்பத்தோரு வருடமாகத் தரச்சோதனை இன்ஸ்பெக்டர். அவர் சரி என்று சொன்ன பாகம் சரி, தப்பு என்று சொன்னால் தப்பு, மேல்முறையீடெல்லாம் கிடையாது. கையில் அளவுகோலைக் கொடுத்தால் ஆண்டவரையே அளந்து பார்த்துவிட்டுத்தான் ஜெபம் சொல்வார் என்று அவர் மனைவி பிலோமினா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

அரசியலிலும் அதே ஆள்தான். ஓசியில் கிடைப்பது மனிதனைக் கெடுக்கும், மீட்டர் மனிதனைத் திருத்தும் என்பது அவருடைய கொள்கை. எந்தக் கட்சிக்காரன் மேடையேறி ஒழுங்கு, கட்டுப்பாடு என்று இரண்டு வார்த்தை பேசினாலும் அந்தத் தேர்தலில் இவர் ஓட்டு அவனுக்கு. ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் இந்தக் கொள்கையை அவர் விளக்க ஆரம்பித்தால் கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிடுவார். இப்போதைக்கு யாரும் அடுத்த டீ கேட்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஊரிகம் ஸ்டேஷனுக்கு மேலே மேட்டில் இருக்கிறது அவர்களுடைய லேஅவுட். பதினாலு வீடு, எல்லாம் சொந்த வீடு, எல்லாவற்றிலும் மொட்டைமாடித் தொட்டி. மேட்டுக்குக் கீழே எஃப் லைன். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள், நாற்பத்திரண்டு குடும்பம், நாலு தெருக்குழாய். இரண்டும் ஒரே வார்டு, ஒரே பைப். ஆறு நாளைக்கு ஒருமுறை, விடியற்காலை ஐந்து பத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். வார்டு கமிட்டிக்குச் செயலாளர் சூசைராஜ். ஐந்து வருடமாக அவரேதான். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை.

எஃப் லைன் மேல் அவர் எப்போதும் ஒரு கண் வைத்திருந்தார். ஃபேக்டரி பஸ் பிடிக்க ஆறேகாலுக்கு அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். தண்ணீர் வரும் நாட்களில் லைன் சாக்கடையில் நல்ல தண்ணீர் சலசலவென்று ஓடும். சோப்பு நுரை இல்லை, எச்சில் பருக்கை இல்லை, தெளிந்த தண்ணீர். சுரங்கக் கம்பெனி ஓசியில் ஊற்றிக் கொடுத்த பழக்கம் இன்னும் இவர்களை விடவில்லை, குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று அவருக்கு வயிறு எரியும். வெறுமனே எரிந்துகொண்டிருப்பவர் அல்ல அவர். தேதியும் நேரமும் போட்டு நோட்டில் குறித்து வைத்தார். இருபத்துமூன்று தேதி சேர்ந்தது.

இருபத்துமூன்று ஆதாரம் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? மனு எழுதினார். எஃப் லைனின் நாலு தெருக்குழாயையும் மூடிவிட வேண்டும், மீட்டர் வைத்த வீட்டு இணைப்பு மட்டுமே தர வேண்டும். மேட்டிலும் டீக்கடையிலுமாக அறுபத்துமூன்று கையெழுத்து வாங்கினார். அதிலிருந்து நாலாவது ஞாயிறு பூசை முடிந்து சமுதாயக் கூடத்தில் வார்டு கூட்டம், தண்ணீர் அதிகாரி வருகிறார் என்று முடிவாயிற்று. அன்றைக்குத் தீர்மானம் நிறைவேறினால் ஒரு மாதத்தில் குழாய் மூடப்படும்.

செய்தி மேட்டிலிருந்து இறங்கி லைனுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே எலைன் வந்து நின்றாள். முப்பத்திநாலு வயது, எஃப் லைனிலேயே பிறந்து வளர்ந்தவள், தினம் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள். கூடவே பக்கத்து வீட்டு மரியகுழந்தை. ஹாஸ்டலில் சமையல் வேலை, முழங்கால் வலி, அதிகம் பேசாத பெண்.

“அங்கிள், கொழாய மூட சொல்லி எழுதிகினு போறீங்களாமே?” என்றாள் எலைன். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“மூடுறது மட்டும் இல்லம்மா. வீட்டுக்கு வீடு மீட்டர் போட்டு இணைப்பு கொடுக்கச் சொல்லியிருக்கேன். நல்லதுதானே?”

“மீட்டர் குடுக்கணும்னா பட்டா கேப்பாங்க. எங்க வீட்டுக்கு இன்னா பட்டா கீது? மைன்ஸ்ல குடுத்த நம்பர்தான் கீது. கொழாயும் போயி மீட்டரும் வரலன்னா நாங்க எங்க போறது?”

“அது அரசாங்கம் பார்க்க வேண்டிய விஷயம். தண்ணியை வீணாக்காம இருக்கிறது நீங்க பார்க்க வேண்டிய விஷயம்.”

“யாரு வீணாக்குறா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி அவர் உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். எலைன் இருபத்துமூன்று வரியையும் ஒன்றுவிடாமல் படித்தாள். அவள் முகம் தொங்கும் என்று எதிர்பார்த்தார். தொங்கவில்லை.

“சாக்கடைய பாத்து எழுதிக்கிறீங்க,” என்றாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்து. “கொழாய அளந்தீங்களா?”

முப்பத்தோரு வருடத்தில் சூசைராஜிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சுருக்கென்றது. கேள்வி நியாயமானது என்பதுதான் இன்னும் சுருக்கென்றது. “வர்ற முறைக்கு நானே வரேன். அளந்து காட்டுறேன். அதுக்கப்புறம் பேச்சு இருக்கக் கூடாது,” என்றார்.

மரியகுழந்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அஞ்சு மணிக்கே வந்துடுங்க சார். அப்பால வந்தா ஒண்ணும் இருக்காது.”

அவர்கள் போன பின் வாசலில் நின்று, “பார்த்தியா, எல்லாத்துக்கும் ஒரு மிகைப்படுத்தல்,” என்றார் பிலோமினாவிடம். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

சொன்னபடி ஐந்து மணிக்குப் போனார். இருபது லிட்டர் பக்கெட், அதையும் வீட்டிலேயே நிறைத்து எடை போட்டுப் பார்த்து இருபதாம் லிட்டருக்குக் கோடு போட்டது, ஸ்டாப்வாட்ச், அட்டையில் செருகிய தாள், இரண்டு பேனா. லைன் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரோ ஒருத்தி, “இன்னா சார், கொழாய்க்கு பரீட்சையா?” என்றாள். அவர் விறைப்பாக நின்றார்.

குழாயடியில் கூச்சலும் குடுமிப்பிடியும் நடக்கும், அதையும் குறித்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. குடங்கள் ஏற்கெனவே வரிசையில் இருந்தன. காலை ரயிலுக்குப் போகிற வீட்டுக் குடங்கள் முதலில். அடுத்து கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீடு. அதன் பின் மற்றவர்கள். ஒரு சுற்றுக்கு வீட்டுக்கு ஒரு குடம்தான். எங்கும் எழுதி வைக்கவில்லை, காவலுக்கு ஆள் இல்லை, ஒருவரும் மீறவில்லை. ஃபேக்டரி கேன்டீனில் இந்த ஒழுங்கைக் கொண்டுவர அவர் பத்து வருடம் பாடுபட்டுத் தோற்றிருக்கிறார். மனத்துக்குள் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஐந்து பத்துக்குத் தண்ணீர் வந்தது. பக்கெட்டை வைத்தார். இருபது லிட்டர் நிறைய நாற்பத்தெட்டு விநாடி. பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தார், அதே நாற்பத்தெட்டு. ஒன்றும் மோசமில்லையே என்று எழுதிக்கொண்டார். ஐந்து முப்பத்தெட்டு இருக்கும், வரிசையில் பாதிக் குடம் காலியாக இருக்கும்போதே பெண்கள் நிரம்பிய குடங்களை ஒதுக்கி, காலிக் குடங்களைக் கையில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஃபேக்டரிச் சங்கு ஊதியது. முதல் ஷிப்டுக்காரர்களை எழுப்ப ஐந்து நாற்பதுக்கு ஊதும் சங்கு. சங்கு ஓய்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, குழாயில் தண்ணீர் நூலாயிற்று. அப்புறம் புஸ்ஸென்று காற்று. அப்புறம் அதுவும் இல்லை.

அவர் விடவில்லை. குழாயைக் கழற்றி வாஷரைப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. ஆறேகால்வரை அங்கேயே நின்றார். அவருடைய இருபத்துமூன்று தேதியிலும் வந்த அந்த ஆறேகால் வந்தது, சாக்கடையில் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடியது. குழாயில் சொட்டு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விஷயம் விளங்கியிருக்கும். இவருக்கு ஒரு தடவை அளந்தது அளந்த கணக்கிலேயே சேராது. “அடுத்த முறையும் வரேன்,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த முறை நாலு குழாயையும் சேர்த்து அளந்தார். ஒன்றில் அவர், மற்ற மூன்றில் எலைனும் இரண்டு பெண்களும் செல்போன் கடிகாரத்தோடு நின்றார்கள். நாலிலும் அதே கதை. சங்கு ஊதியது, தண்ணீர் நின்றது. அன்றைக்கு மரியகுழந்தையின் முழங்கால் மடங்கவே மாட்டேன் என்றது. அவளுடைய குடத்தை யாராவது தூக்க வேண்டும். பக்கத்தில் சும்மா நின்றவர் சூசைராஜ்தான். தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

அவள் வீட்டுக்குள் மூன்று பாத்திரம் வரிசையாக இருந்தது. அரிசி கழுவின தண்ணீர் முதல் பாத்திரத்தில். அதில்தான் பாத்திரம் தேய்ப்பது. தேய்த்த தண்ணீர் இரண்டாவதில், அது வாசல் கழுவ. மூன்றாவது துணி அலசினது, கக்கூஸுக்கு. ஒரு குடம் தண்ணீர் அந்த வீட்டில் மூன்று வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே போகிறது. வெளியே போகும்போது அதில் தெளிவு என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. அவர் நோட்டில் இருபத்துமூன்று தடவை எழுதிய தண்ணீர் இந்த வீட்டிலிருந்து வந்திருக்கவே முடியாது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அன்று லீவு போட்டுவிட்டார். காலை இட்லித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். நிமிடத்துக்கு இருபத்தைந்து லிட்டர். முப்பது நிமிடம். நாலு குழாய். மூவாயிரம் லிட்டர். நாற்பத்திரண்டு வீடு.

“வீட்டுக்கு எழுபது லிட்டர் பிலோ,” என்றார். “ஆறு நாளைக்கு.”

“நம்ம ரெண்டு பேரு காலையில குளிக்கவே அது பத்தாதேங்க,” என்றாள் பிலோமினா. குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. அவருக்கு இட்லி இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாததால் முதலில் அதை அஜீரணம் என்று நினைத்தார்.

மூன்றாவது முறை பக்கெட் எடுத்துப் போகவில்லை. ஆறேகாலுக்குச் சாக்கடையில் தண்ணீர் வந்ததும் அது வந்த வழியே ஏற ஆரம்பித்தார். ஒரு பாகம் பழுதானால் அது கடந்துவந்த மெஷின்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போவதுதான் அவர் வேலை. லைன் வீடுகளின் பின்பக்கம் தாண்டினார், அங்கே எந்த வீட்டிலிருந்தும் அதில் தண்ணீர் சேரவில்லை. ரோட்டுக்கு அடியில் சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேடு. மேட்டில் அவருடைய லேஅவுட்டின் பின்சுவர். சுவரை ஒட்டி ஏழு குழாய்கள் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தொட்டிகள் நிரம்பி வழிகிற தண்ணீர். ஐந்தாவது குழாய் அவர் வீட்டுடையது. பச்சைப் பெயின்ட் அடித்தவரே அவர்தான், அடையாளம் தெரியாமல் போகுமா?

பிலோமினா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே அவர் நிற்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தாள். “தொட்டியில மிதவை போச்சு, தண்ணி நிக்க மாட்டேங்குதுன்னு ஈஸ்டருக்கு முன்னாடியிலிருந்து சொல்லிட்டிருக்கேன். இன்னிக்காவது கண்ணுல பட்டுதே.”

“மோட்டார் எப்ப போட்ட?”

“எப்பவும் போலத்தான். சங்கு ஊதினதும். எல்லார் வீட்லயும் அப்பதானே எந்திரிச்சு போடுவாங்க?”

பதினாலு வீடு. பதினாலு மோட்டார். எல்லாம் மெயின் பைப்பிலேயே நேராகப் பொருத்தி இழுப்பவை. சங்கு ஊதியதும் பதினாலும் ஒரே நேரத்தில் இழுத்தால் பள்ளத்துக் குழாய்க்கு என்ன போகும்? அரைமணியில் தொட்டி நிரம்பி, வீட்டுக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது வழிந்து, அவர் பஸ்ஸுக்கு இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் பள்ளத்துச் சாக்கடையில் வந்து நிற்கும். அந்தப் பதினாலில் பதினொரு மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தவர் அவரே. சுத்தமான வேலை, ஒரு சொட்டு கசிவு கிடையாது என்று எல்லோரும் மெச்சினார்கள். முதலில் மிதவை மேல் கோபம் வந்தது. அப்புறம் மோட்டார் மேல். யார் மேல் வர வேண்டுமோ அந்த ஆளிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று சாயங்காலமே லேஅவுட் வீடுகளுக்குப் போனார். கணக்கைக் காட்டினார். பாதிப் பேர், பார்க்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டு பிரதாப் மட்டும் மனசில் இருந்ததை வெளியே சொன்னான். அதே ஃபேக்டரியில் டிசைன் எஞ்சினியர், நாற்பது வயது, சூசைராஜ்மேல் மரியாதை உள்ளவன்.

“சார், நாம மேட்டுல இருக்கோம். மோட்டார் இல்லன்னா நமக்கு ஏறவே ஏறாது. உங்க கணக்கு சரிதான், நான் இல்லேங்கல. ஆனா அதை நாமளே போய் கூட்டத்துல சொல்லணுமா? மனுவைக் கொண்டாந்ததே நீங்க. இப்ப நீங்களே மாத்திப் பேசினா யாரு மதிப்பா?”

சூசைராஜ் சிரித்தார். இதற்கு மட்டும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. சோதனை ரூமில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான பாகத்தைச் சரி என்று அனுப்பிவிட்டால், அனுப்பிய இன்ஸ்பெக்டரே நேரில் போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. அசெம்பிளி ஹாலில் இருநூறு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, தன் கையால் அதைக் கழற்றி, தன் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். “ரெண்டு தடவ நடந்திருக்கேன் பிரதாப். செத்துப் போயிடல. மூணாவதும் நடப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் லைன், நடுவில் வழி. லைன் பெண்கள் குழந்தை குட்டியோடு வந்திருந்தார்கள். குழாய் நிற்குமா போகுமா என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மேசையில் தண்ணீர் அதிகாரி. சூசைராஜ் எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன்னுடைய மனுவைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொன்னார். கூடத்தில் சலசலப்பு. அவர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, அளந்ததை வரிசையாக வாசித்தார். நாற்பத்தெட்டு விநாடி. ஐந்து நாற்பது. எழுபது லிட்டர். ஏழு வழிகிற குழாய், அதில் ஒன்று தன் வீட்டுக் குழாய். பதினாலு மோட்டார்.

“அளக்காம எதுவும் ஒழுங்குக்கு வராதுன்னு இப்பவும் சொல்றேன்,” என்றார். “ஆனா மீட்டரை நான் தப்பான எடத்துல வைக்கச் சொன்னேன். மேட்டு வீடுகளுக்கு வைங்க. முதல் மீட்டர் என் வீட்டுக்கு. மெயின் பைப்புல இருந்து மோட்டாரை எல்லாம் கழட்டணும், நானே கழட்டித் தரேன். எல்லார் வீட்லயும் தரைத்தொட்டி கட்டி அதுல இருந்து ஏத்திக்கலாம். எஃப் லைன் குழாய் நாலும் அப்படியே இருக்கணும்.”

லைன் பக்கம் ஒரே கைதட்டல். மேட்டுப் பக்கம் ஒரே முணுமுணுப்பு. அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. “சார் மாதிரி அனுபவசாலி அளந்து ஆதாரத்தோட சொன்னா எங்களுக்கும் வேலை சுலபம். இத்தனை நாளா இதை யாருமே சொல்லலையே,” என்று தாளை வாங்கினார். சூசைராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆதாரம் கிடைத்தால் கருத்தை மாற்றிக்கொள்கிற மனிதன் என்று தன்னைப் பற்றியே அவருக்கு ஒரு நிறைவு. நேர்மையாகச் சொன்னால், வந்தபோது இருந்ததைவிட இப்போது கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்திருந்தார்.

“யாருமே சொல்லலையா?” என்று ஒரு குரல். எலைன் எழுந்து நின்றாள்.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். நடு வழியில் நடந்து வந்தாள். அதிகாரியிடம் போவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். சூசைராஜிடம் வந்தாள். கவரிலிருந்து நாலு தாளை எடுத்துக் கொடுத்தாள். “படிங்க அங்கிள்,” என்றாள் தணிந்த குரலில்.

எஃப் லைன் குடும்பங்கள் வார்டு கமிட்டிக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள். முதல் தாளின் தேதி நாலு வருடத்துக்கு முந்தியது. மரியகுழந்தையின் குண்டு குண்டான எழுத்து. காலையில் சங்கு ஊதியதும் குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது, மேட்டு வீடுகளில் மோட்டார் போடுவதால் இருக்கலாம், தயவுசெய்து ஒரு நாள் வந்து பார்க்கவும். கீழே, நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்துகளுக்கும் கீழே, சூசைராஜுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு கையெழுத்து இருந்தது. அழகான, நேரான, எந்த நடுக்கமும் இல்லாத எழுத்து. சங்குக்கும் தண்ணீருக்கும் தொடர்பு இல்லை. ஆதாரம் இல்லை. முடிக்கப்பட்டது. சூசைராஜ், செயலாளர்.

மற்ற மூன்று தாளிலும் மனு நீண்டுகொண்டே போயிருந்தது. அவர் எழுதியது மட்டும் சுருங்கிக்கொண்டே வந்து, நாலாவதில் வெறும் ‘பார்த்தேன்’ என்று நின்றது.

பார்க்கவில்லை. அது அவருக்குத் தெரியும். பார்க்காமலே பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டரை அவர் ஒருமுறை வேலையிலிருந்தே தூக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் பக்கெட்டும் ஸ்டாப்வாட்ச்சுமாக அவர் கண்டுபிடித்த அத்தனையும் இந்த ஒரு தாளில் நாலு வருடமாக இருந்திருக்கிறது. சொன்னது லைன் வீட்டுப் பெண்கள் என்பதால் அது ஆதாரமாக அவர் கண்ணுக்குப் படவில்லை. அவ்வளவுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. உடம்பு முழுக்கச் சுட்டது. இதை அஜீரணம் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

தாளில் என்ன இருக்கிறது என்று மேட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அதிகாரிக்கும் தெரியாது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். எலைன் அதற்கு இடம் கொடுத்துத்தான் நின்றாள். அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முதல் மனுவைச் சத்தமாக வாசித்தார். கீழே தான் எழுதியதையும் வாசித்தார், பெயர்வரை. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. பிறகு நாலாவதின் ‘பார்த்தேன்’. கூடத்தில் கைதட்டல் இல்லை, முணுமுணுப்பும் இல்லை.

“கையெழுத்து என்னோடதுதான்,” என்றார். “இதுக்கு ஸ்டாப்வாட்ச் தேவையே இல்ல. ஒரு நாள் காலையில கீழ இறங்கி வந்திருந்தா போதும். நான் வரல.”

அதிகாரி சங்கடத்தோடு பேனாவை மூடித் திறந்தார். தீர்மானத்தைக் கைதூக்கலுக்கு விட்டார். லைன் பக்கம் அத்தனை கையும் ஒன்றாக எழுந்தது. மேட்டுப் பக்கம் ஐந்து கை. அதில் முதல் கை பிலோமினாவுடையது, கடைசிக் கை, வெகு நேரம் யோசித்து எழுந்தது, பிரதாப்புடையது. அது போதுமானதாக இருந்தது. குழாய் நாலும் நிற்கும் என்று எழுதப்பட்டது. பின்வரிசையில் மரியகுழந்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அறிக்கையில, குறையைக் கண்டறிந்தவர்ன்னு ஒரு இடம் இருக்கு. அதுல சார் பேரைப் போட்டிருக்கு. அப்படியே விடலாமா?” என்று கேட்டார் அதிகாரி.

“கொடுங்க இங்க,” என்று சூசைராஜ் தாளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். தேதியை அடித்து, நாலு வருடத்துக்கு முந்திய தேதியைப் போட்டார். “எலைன், பேரைச் சொல்லும்மா. எல்லாரும்.”

“எஃப் லைன் ஜனங்கன்னு போட்டா போதும் அங்கிள். எத்தினி பேர எழுதுவீங்க?”

“நாப்பத்திரெண்டு பேரையும்.”

எலைன் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மரியகுழந்தை. பாப்பம்மா. பார்வதம்மா. ஆபிரகாம். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. தங்கள் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொருவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பத்தொன்பதாவது பெயரில் எலைன் நிறுத்தினாள்.

“இது வேலு மாமா. அவரு இல்ல அங்கிள். படுத்த படுக்கையா கெடந்தாரு, போன வருசம் பூட்டாரு. இத உட்டுட்லாம்.”

சூசைராஜ் தாளிலிருந்து பேனாவை எடுக்கவில்லை.

“முழுப் பேரு என்ன?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் இனிஷியலோடு எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கேட்டார்.